பிடிஏ உள்ள பிள்ளையை வளர்ப்பது: செட்டிநாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெற்றோர்கள் போனிலும் விசேஷ வீடுகளிலும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. நான் டாக்டர் இல்லை. ஆட்டிசமும் பிடிஏ தன்மையும் உள்ள பத்து வயதுப் பையனின் அம்மா. வைத்தியம் சம்பந்தமான முடிவுகளை டாக்டரிடம் கேட்டு எடுங்கள். வீட்டுக்குள் ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்பதைத்தான் என்னால் விரிவாகச் சொல்ல முடியும்.

பிடிஏ என்றால் என்ன?

பேத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ் என்பதன் சுருக்கம். யாராவது ஒன்றைச் செய்யச் சொன்னால், ஏன், செய்வான் என்று எதிர்பார்த்தாலே போதும், அந்தப் பிள்ளைக்குள் பதற்றம் கிளம்பிவிடும். பதற்றம் தணிய அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதிலிருந்து தப்பிப்பது. செருப்பைப் போடு, சாப்பிட வா, ஐயாவுக்கு வணக்கம் சொல்லு என்று நாம் யோசிக்காமல் சொல்கிற வார்த்தைகளுக்கே இது நடக்கும்.

வெளியிலிருந்து வருகிற கட்டளையோடு இது நிற்பதில்லை. பசிக்கிறது, ஒன்றுக்கு வருகிறது என்று உடம்பு சொல்வதையும் சில பிள்ளைகள் தள்ளிப்போடுவார்கள். வாரக்கணக்கில் ஆசையாகக் கேட்ட பொருட்காட்சிக்குக் கிளம்புகிற நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து வரமாட்டேன் என்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது திமிர். அந்தப் பிள்ளைக்கோ, 'இன்றைக்குப் போயே ஆக வேண்டும்' என்று ஆனவுடன் ஆசைப்பட்டதே கட்டளையாகிவிட்டது.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய குழந்தை உளவியலாளர் எலிசபெத் நியூசன் 1980களில் இந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கினார். அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய முக்கியமான கட்டுரை 2003இல் வெளிவந்தது. ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டிலோ, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலோ பிடிஏ தனி நோயாக இடம்பெறவில்லை. பிரிட்டனில் இதை ஆட்டிசத்துக்குள் வருகிற ஒரு தன்மையாகப் பலர் பார்க்கிறார்கள். தனித் தன்மையா, ஆட்டிசமும் பதற்றமும் சேர்ந்த கலவையா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. வாதம் முடிகிறவரை நம் வீட்டில் காலை ஏழு மணி காத்திருக்காது.

எல்லாப் பிள்ளையும்தான் சொன்னதைக் கேட்பதில்லை. எங்கள் பிள்ளைக்கு இருப்பது இதுதான் என்று எப்படித் தெரியும்?

சாதாரணப் பிடிவாதக்காரப் பிள்ளை தனக்குப் பிடிக்காததை மறுக்கும், பிடித்ததைக் கொடுத்தால் வழிக்கு வரும். இந்தப் பிள்ளைகள் பிடித்ததையும் மறுப்பார்கள். மறுக்கிற விதமும் வேறு. முதலில் பேச்சை மாற்றுவார்கள். அப்புறம் காரணம் சொல்வார்கள்: கால் வலிக்கிறது, கை மரத்துப்போச்சு. என் மகனின் ஒரு வாதம், "நான் இப்பப் பூனை, பூனை பல் தேய்க்காது." கதைப் பாத்திரமாக மாறித் தப்பிப்பது இந்தப் பிள்ளைகளிடம் நிறைய உண்டு. சிலர் பேரம் பேசுவார்கள், சிலர் சிரிக்கவைத்தே நழுவுவார்கள். இத்தனைக்கும் பிறகும் நாம் விடாமல் பிடித்தால்தான் கத்தலும் உடைத்தலும் வரும்.

பேச்சு நன்றாக இருக்கும், கண்ணைப் பார்ப்பான், வந்தவர்களைக் கவர்ந்துவிடுவான். அதனால் ஆட்டிசம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பெண் பிள்ளைகளை இன்னும் எளிதாகத் தவறவிடுகிறோம். வெளியில் அடக்கமாக இருந்துவிட்டால் அதை நல்ல வளர்ப்பு என்று மெச்சிவிட்டுப் போய்விடுவார்கள்.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்காக 2014இல் வெளியான ஒரு கேள்வித்தாள் உண்டு. ஈடிஏ-க்யூ என்று பெயர். பெற்றோர் நிரப்புவது. மதிப்பெண் அதிகம் வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்பதோடு சரி, அதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. நிரப்பி எடுத்துப்போனால் டாக்டரிடம் பேச்சைத் தொடங்க உதவும்.

பள்ளிக்கூடத்தில் தங்கமான பிள்ளை என்கிறார்கள். வீட்டில் மட்டும் ஏன் இப்படி?

பள்ளியில் நாள் முழுக்க அடக்கிவைத்ததை வீட்டில் இறக்கிவைக்கிறான். பயப்படாமல் இருக்க முடிகிற இடத்தில்தான் அது வெடிக்கும். டீச்சரும் பொய் சொல்லவில்லை, நீங்களும் மிகைப்படுத்தவில்லை. சாயங்காலம் வேன் வந்து நின்றதும் "இன்னிக்கு என்ன நடத்துனாங்க, டிபன் காலி பண்ணுனியா" என்று ஆரம்பிப்பதை விட்டுப்பாருங்கள். ஒரு மணி நேரம் அவனிடம் எதையும் கேட்காதீர்கள். பையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா?

இல்லை. ஒரே வீட்டில், ஒரே கையால் வளர்ந்த அவன் அக்கா ஏன் அப்படி இல்லை என்று கேட்கிறவர்களைத் திருப்பிக் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தில் யாரிடம் காட்டுவது? சான்றிதழ் கிடைக்குமா?

பிடிஏ என்று எழுதித் தருகிற டாக்டரைத் தேடி அலைய வேண்டாம். ஆட்டிசம் இருக்கிறதா என்று மதிப்பீடு செய்பவரைப் பாருங்கள். குழந்தைநல மருத்துவர், மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோர் இதைப் பார்ப்பார்கள். சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்குப் புதுக்கோட்டை. அங்கே திருப்தி இல்லையென்றால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. சென்னை போக முடிகிறவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் ஆட்டிசம் உண்டு. நம் நாட்டில் ஆட்டிசத்தின் அளவைக் கணக்கிட ஐஎஸ்ஏஏ என்ற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான சலுகைகள் வரும். பேச்சு நன்றாக உள்ள பிள்ளைக்குச் சதவீதம் குறைவாக வர வாய்ப்பு உண்டு. அதனால் மதிப்பீட்டுக்குப் போகும்போது வீட்டில் நடப்பதைத் தேதி போட்டு எழுதி, முடிந்தால் சின்ன வீடியோவும் எடுத்துப் போங்கள். அன்றைக்குப் பார்த்து டாக்டர் முன்னால் அவன் அத்தனை சமர்த்தாக இருப்பான், அதற்குச் சொல்கிறேன்.

சான்று வந்ததும் யூடிஐடி அட்டைக்கு, அதாவது மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா காப்பீட்டுத் திட்டத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு இடம் உண்டு, தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி கிடைக்கும். பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.

அப்படியானால் எதையுமே சொல்லக்கூடாதா? அப்புறம் பிள்ளை எப்படி வளரும்?

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி, கொஞ்சம் கோபத்தோடு கேட்கிற கேள்வியும்கூட.

முதலில் கணவனும் மனைவியும் பிள்ளை இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, எதையெல்லாம் விடவே முடியாது என்று பேசி முடியுங்கள். எங்கள் வீட்டில் விட முடியாதவை: பெரியவர் துணையில்லாமல் ஊருணியில் இறங்குவதில்லை, ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடிக்க வேண்டும், யாரையும் அடிக்கக்கூடாது, டாக்டர் தந்த மருந்து உள்ளே போக வேண்டும். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. தலை வாருவது, சட்டைப் பொத்தான், கையெழுத்து அழகு, உறவினருக்குப் பதில் சொல்வது எல்லாம் அதில் வந்துவிடும். இப்படிப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளைக்கு நாம் போடுகிற கட்டளை தானாகவே பாதிக்கும் கீழே போய்விடும். பிள்ளையின் தாங்குதிறன் மிச்சமாவதால், விட முடியாதவற்றுக்கு அவன் இணங்குகிற வாய்ப்பு கூடும். விட்டுக்கொடுப்பதில் எனக்குத் தெரிந்த கணக்கு இது.

விட முடியாதவற்றையும் 'நான் சொல்கிறேன், செய்' என்ற முறையில் வைக்காதீர்கள். "ஊருணிப் படியில பெரியவங்க இல்லாம இறங்கக்கூடாதுன்னு எல்லாப் பிள்ளைகளுக்கும் விதி இருக்கு" என்றால் அது ஊர் விதி. அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவே போட்டி இல்லை. காரணத்தையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். காரணம் புரிந்த விதியை இந்தப் பிள்ளைகள் வியக்கத்தக்க அளவு மதிப்பார்கள், மற்றவர்கள் மீறினால் போலீஸ் வேலையும் பார்ப்பார்கள்.

அடுத்தது பேசுகிற முறை. "குளிக்க வா" என்பதற்குப் பதில் "தண்ணி வெதுவெதுப்பா இருக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு அங்கிருந்து போய்விடுங்கள். நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் பார்வையே கட்டளை. "சட்டையைப் போடு" என்பதற்கு, "நீலமா கோடு போட்டதான்னு எனக்குத் தெரியல" என்று இரண்டையும் கட்டிலில் வைக்கலாம். "இந்தச் சாவி எனக்குத் திறக்க மாட்டேங்குது" என்று உதவி கேட்டால் ஓடி வருவான். விளையாட்டாக மாற்றுவது எங்கள் வீட்டில் பெரும்பாலும் எடுபடும். பூனைக்குப் பல் தேய்க்கிற பெரிய வைத்தியர் ஒருவர் எங்கள் முற்றத்தில் கடை போட்டிருக்கிறார்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். இது எல்லாமே கொஞ்ச நாளில் பழசாகும். நீங்கள் சுற்றிவளைத்துச் சொல்வதும் கட்டளைதான் என்று அவன் கண்டுபிடித்துவிடுவான், புத்திசாலிகள். அப்போது வேறு முறைக்கு மாறுங்கள். சில நாள் எந்த முறையும் எடுபடாது. அன்று பள்ளியில் ஏதாவது நடந்திருக்கும், தூக்கம் கெட்டிருக்கும். அன்றைக்குக் கட்டளையைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். நன்றாக இருக்கிற நாளில் கொஞ்சம் கூடக் கேட்டுப் பார்க்கலாம். தினமும் ஒரே அளவு கண்டிப்பு என்பது மற்றப் பிள்ளைகளுக்கான புத்திமதி.

ஸ்டார் சார்ட், பரிசு, பாராட்டு?

மற்ற ஆட்டிசப் பிள்ளைகளுக்கு உதவுகிற அட்டவணையும் பரிசும் இவர்களிடம் பல நேரம் திருப்பி அடிக்கும். பத்து ஸ்டார் வாங்கினால் சைக்கிள் என்றால், பத்து நாள் தொடர்ந்து ஒரு கட்டளை தலைக்குமேல் தொங்குகிறது என்று அர்த்தம். ஒன்பதாவது நாள் சார்ட்டைக் கிழித்துப்போடுவான். நேராகப் புகழ்ந்தாலும் 'நாளைக்கும் இப்படியே செய்ய வேண்டும்' என்ற சுமை ஏறுகிறது. பாராட்ட ஆசையாக இருந்தால் அவன் காதில் விழுகிற மாதிரி அப்பத்தாவிடம் சொல்லுங்கள். அவன் பக்கம் திரும்பாமல் சொல்லுங்கள்.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். என்ன செய்வது?

செட்டிநாட்டில் ஒரு நாளைக்கு அதிகம் புழங்குகிற சொல் 'சாப்பிடு' என்பதாகத்தான் இருக்கும். வீட்டில் இருப்பவர், எதிர்வீட்டு ஆச்சி, சும்மா வந்து போகிறவர் எல்லோரும் அன்பாகச் சொல்வார்கள். "இன்னொரு பணியாரம் வச்சுக்க, எனக்காக ஒண்ணு." அன்பாகச் சொன்னாலும் பிள்ளையின் உடம்புக்கு அது கட்டளைதான்.

இலைக்கு முன்னால் உட்காரவைத்து எண்ணிப் பரிமாறுவதை நிறுத்திவிட்டோம். அவன் நடமாடுகிற இடத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில், மூடிய கிண்ணத்தில் இருக்கும். சூடு ஆறினாலும் நன்றாக இருக்கிறவையாக வைப்பேன்: வெள்ளைப் பணியாரம், சீயம், அவித்த முட்டை. யாரும் பார்க்காதபோது காலியாகும். காலியானதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது, இதுதான் கஷ்டம். சில பிள்ளைகளுக்கு உணவின் பிசுபிசுப்பு, வாசனையும் தாங்காது. அது வேறு பிரச்சினை, தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். எடை குறைந்தாலோ, சாப்பிடுகிற பொருள்களின் பட்டியல் சுருங்கிக்கொண்டே போனாலோ டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறோம். அப்பத்தாவும் ஐயாவும் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பெரியவர்களுக்கு நோயின் பெயரைச் சொல்லிப் புரியவைக்க முயன்றால் வாதம்தான் வளரும். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்று தொடங்கி, "நாலு போட்டாச் சரியாப்போகும்" என்று முடியும். அதற்குப் பதில் சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

அவனுடைய அப்பத்தாவான என் மாமியாரிடம் நான் சொன்னது இதுதான்: "ஆச்சி, அவன நீங்க கூப்பிடாதீங்க. நீங்க பாட்டுக்கு முறுக்குச் சுத்துங்க, அவனே வந்து உக்காருவான்." வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், துணியை விரித்து அவர் கைமுறுக்குச் சுற்ற ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு சின்னக் கை வந்து மாவைக் கிள்ளும். "கை கழுவிட்டு வா" என்று சொல்லாமல் இருக்க அப்பத்தாவுக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துத் தானே அடிக்கடி கை நனைத்துக்கொண்டார். அவனும் நனைத்துக்கொண்டான். எந்த தெரபிஸ்டும் சொல்லித் தராமலே அவர் கண்டுபிடித்தது அது. வீட்டில் இப்போது என்னைவிட அவருக்குத்தான் இந்தக் கலை நன்றாக வருகிறது.

ஐயாக்களுக்கு வலிப்பது மரியாதை விஷயம். வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லவில்லை, காலில் விழவில்லை என்றால் குடும்பத்தின் பெயர் போகிறது என்று தோன்றும். அந்த வருத்தம் நியாயமானதுதான், அதைக் கேலி செய்யாதீர்கள். விருந்தாளி வரும்முன் உங்கள் கணவர் போனில் ஒரு வரி சொல்லிவிடட்டும்: "அவனுக்கு ஆட்டிசம் இருக்கு, எல்லாரும் பாத்து ஏதாவது கேட்டாப் பதறிப்போவான். நீங்க கண்டுக்காம இருந்தா அவனே வந்து பேசுவான்." முகப்பில் வைத்து, பிள்ளையின் காதுபட இதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட இது மேல். வணக்கத்துக்குப் பதில் அவன் செய்யக்கூடிய வேறொன்று கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு வீட்டில் வந்தவருக்குத் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள் ஒரு பெண். அது போதும்.

அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிற வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தினமும் இரவு வீடியோ காலில் "அப்பாகிட்டப் பேசு, முகத்தக் காமி" என்பது பெரிய கட்டளை. கேமராவை அவன் பக்கம் திருப்பாமல் அப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு நீங்கள் வேலையைப் பாருங்கள். அப்பா அங்கே தன்பாட்டுக்குச் சாப்பிடட்டும். பேச வேண்டும் என்றால் பேசுவான். வாய்ஸ் மெசேஜ் பல பிள்ளைகளுக்கு இன்னும் எளிது, நினைத்த நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், பிள்ளையார் நோன்பு என்று வந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானா?

வேண்டாம். ஆனால் முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள்.

நம் வீடுகளின் அமைப்பே இதற்கு உதவும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வளவைச் சுற்றி ஒவ்வொரு பங்காளிக் குடும்பத்துக்கும் ஒரு அறை உண்டு. போனதும் முதல் வேலையாக அந்த அறையைத் திறந்து அவனுடைய பாய், ஹெட்போன், பிடித்த பொருளை வைத்துவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் இங்கே வரலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று ஒருமுறை சொல்லுங்கள். வெளியேறலாம் என்று தெரிந்தால் உள்ளே இருக்கிற நேரம் கூடும். பட்டு வேட்டிக்காகச் சண்டை போடாதீர்கள். பருத்திச் சட்டையோடு வந்த பிள்ளையை எந்தப் படைப்பு வீட்டிலும் திருப்பி அனுப்பியதில்லை.

பிள்ளையார் நோன்பு கொஞ்சம் கடினம். வரிசையாக நின்று, எல்லோரும் பார்க்க, திரி எரிகிற இழை மாவை (நூல் திரி வைத்த மாவு) அப்படியே வாயில் போட வேண்டும். நெருப்பு, கூட்டம், கட்டளை மூன்றும் ஒரே இடத்தில். வற்புறுத்தவே கூடாத இடம் இது. கர்ப்பிணிகள் வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு இழை கூடுதலாக எடுத்துக்கொள்வது நம் வழக்கத்தில் உள்ளதுதான். அதைச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் பெரியவர்களின் சம்மதம் கிடைத்தது, அவனுக்கும் சேர்த்து நான் எடுத்துக்கொள்கிறேன். அவன் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். அதற்குமுன் மாவு பிடிக்கும்போது பாதியை அவனே தின்று முடித்திருப்பான், பிள்ளையார் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

கார்த்திகைப் புதுமை மாதிரி பிள்ளையையே நடுவில் நிறுத்துகிற சடங்குக்கு இன்னும் யோசிக்க வேண்டும். அலங்காரம், ஊர்வலம், ஊரே பார்ப்பது. எந்தப் பகுதியைச் சுருக்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் மாதங்களுக்கு முன்பே பேசுங்கள். கடைசி நேரத்தில் எல்லோர் முன்னாலும் முடிவெடுக்கிற நிலைமையைப் பிள்ளைக்கும் உங்களுக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ரெண்டு அடி வைத்தால் கேட்கிறானே?

அந்த நிமிஷம் பயத்தில் உறைந்துபோவான், நமக்குக் கேட்டதுபோல் தெரியும். பதற்றம்தான் இதன் வேர் என்றால், அடி அந்த வேருக்குத் தண்ணீர். பள்ளியில் அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்கிறது. "நீங்க அடிச்சாலும் பரவாயில்ல டீச்சர்" என்று அனுமதி கொடுத்துவிட்டு வருகிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

கத்தி, பொருளை உடைக்கிற நேரத்தில் என்ன செய்வது?

பேச்சைக் குறையுங்கள். அந்த நேரத்தில் அவனால் யோசிக்க முடியாது, நீங்கள் சொல்கிற நியாயம் உள்ளே போகாது. வேடிக்கை பார்க்கிறவர்களை வெளியே அனுப்புங்கள், தம்பி தங்கைகளை முதலில். எதிரே நின்று முறைக்காமல் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அவன் விரும்பினால் ஒழியத் தொடாதீர்கள். கண்ணாடி, அரிவாள்மனை, சூடான பாத்திரம் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். ஆத்தங்குடித் தரையில் தலையை மோதினால் நடுவில் ஒரு தலையணை வையுங்கள், அவ்வளவுதான்.

அடங்கியபிறகு விசாரணை வேண்டாம், "இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லு" என்று வாக்குமூலமும் வேண்டாம். தண்ணீர் வைத்துவிட்டு விலகுங்கள். என்ன நடந்தது என்று மறுநாள் பேசலாம், அவன் தயாராக இருந்தால். தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துவது அடிக்கடி நடந்தால் டாக்டரிடம் போங்கள்.

அவனுக்கு மட்டும் ஏன் சலுகை என்று தங்கை கேட்கிறாளே?

கேட்கட்டும், நியாயமான கேள்வி. "அண்ணனுக்குச் சொன்னாப் பதற்றம் வருது, உனக்கு இருட்டுன்னா வர்ற மாதிரி" என்றால் நாலு வயதுக்கும் புரியும். விளக்கத்தைவிட அவளுக்கு வேண்டியது நேரம். வாரத்தில் ஒரு முறையாவது அவளை மட்டும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கோ குன்றக்குடிக்கோ போங்கள், அண்ணனைப் பற்றிப் பேசாமல்.

பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்கிறான்.

ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் இழுத்துப்போய் விடுவதை நிறுத்துங்கள். எது முடியவில்லை என்று பிரித்துப் பாருங்கள்: பிரேயர் வரிசையா, சத்தமா, வீட்டுப்பாடமா, ஒரு குறிப்பிட்ட ஆசிரியரா? பிரேயர் முடிந்தபிறகு வருவது, வீட்டுப்பாடத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துவது, வகுப்பிலிருந்து கேட்காமலே வெளியே போக ஒரு அட்டை தருவது போன்ற சின்ன மாற்றங்களுக்குத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். கேள்வியையும் "இதை எழுது" என்று கேட்காமல், "இதுல எதை முதல்ல செய்யலாம்" என்று ஆசிரியர் கேட்டால் பாதிப் பிரச்சினை குறையும். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் உண்டு, அவர்கள் பள்ளிக்கும் வீட்டுக்கும் வருவார்கள். தனியார் பள்ளியில் சிலர் கைவிரித்துவிடுவார்கள். நல்ல கட்டடத்தைவிட வளைந்துகொடுக்கிற ஆசிரியர் முக்கியம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். பிறகு ஒரு காலத்தில் பள்ளி முடியவே முடியாது என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம்.

மருந்து உண்டா?

பிடிஏவுக்கென்று இல்லை. கூடவே இருக்கிற பதற்றம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்), தூக்கமின்மைக்கு டாக்டர் தேவைப்பட்டால் மருந்து தருவார். ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம் என்று பெரிய தொகை கேட்கிற எவரிடமிருந்தும் பர்ஸை மூடிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

கோயில் வேண்டுதல், மந்திரிப்பு?

வேண்டுதல் உங்கள் மனதுக்குத் தைரியம் தந்தால் நன்றாகச் செய்யுங்கள், நானும் பிள்ளையார்பட்டிக்குப் போகிறவள்தான். பிள்ளையைப் பிடித்துவைத்துப் புகை போடுவது, வேப்பிலையால் அடிப்பது வேண்டாம். பழனி நடைப்பயணத்துக்குக் காவடி நேர்ந்துகொள்வதாக இருந்தால் உங்களுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அவனுக்கு வேண்டாம். அவன் பெயரில் நேர்ந்தது அவன் செய்யவேண்டிய கட்டளையாகிவிடும்.

பெரியவனானால் சரியாகிவிடுமா?

தன்மை போகாது. ஆனால் வயது கூடக் கூடத் தன் நாளைத் தானே தீர்மானிக்கிற வாய்ப்பும் கூடுகிறது, அது இவர்களுக்குப் பெரிய நிம்மதி. பள்ளியில் திணறி, தனக்குப் பிடித்த தொழிலில் தன் நேரத்துக்கு வேலை செய்து நன்றாக இருப்பவர்கள் உண்டு. உதவி தேவைப்பட்டுக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. பத்து வயதில் பார்த்து எவராலும் கணிக்க முடியாது. இப்போதைக்கு அவன் ஆர்வத்தைப் பின்தொடருங்கள். என் மகனுக்குப் பழம்பொருள் மேல் பைத்தியம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பூட்டு, மங்குச் சாமான், மரச் செதுக்கல் என்று விலையெல்லாம் விரல்நுனியில். கணக்குப் புத்தகத்தைத் தொடாதவன் அங்கே தள்ளுபடி போட்டுச் சொல்கிறான்.

பிள்ளையிடமே இதைப் பற்றிச் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'நான் கெட்ட பிள்ளை' என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொள்வான். "வா, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று எதிரில் உட்காரவைத்துச் சொல்லாதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, துணி மடிக்கும்போது, முகம் பார்க்காமல் துண்டுதுண்டாகச் சொல்லுங்கள்: "சில பேருக்கு யாராவது சொன்னாலே உடம்பு பயந்துக்குது, உனக்கும் அப்படித்தான்னு நெனக்கிறேன்." பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ரெண்டு வாரம் கழித்து, நீங்கள் வேறெதோ வேலையில் இருக்கும்போது ஒரு கேள்வியோடு வருவான். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.